ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறேனா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு சாப்பாட்டு வரிசையில். சின்சூ நகரத்தில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து உணவுக்கூடத்தில் மாட்டிறைச்சி நூடுல்ஸுக்கான வரிசை எப்போதும் நீளம். எனக்கு முன்னால் வெங் ஷி-ஹெங் நின்றுகொண்டிருந்தார். மேல் மாடியில் வேறொரு நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவர். பல ஆண்டுகளாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அதிகம் பேசிக்கொண்டதில்லை. அன்று அவர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்:

"ஒருத்திகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ஒவ்வொரு தடவை சொல்லப் போகும்போதும் அவளுக்கு இன்னும் கொஞ்சம் காயமாகுது. சொல்லாம இருக்கவும் முடியல."

வரிசை நகர்ந்தது. அவர் மிச்சத்தை மேசையில் உட்கார்ந்து சொன்னார். இரண்டு கிண்ணங்களும் ஆறிப்போயின.

அந்தப் பெண்ணின் பெயர் ஜுவோ பெய்-ரோங். அவருடைய குழுவில் இருந்தவள், இப்போது இல்லை. அவள் செய்யாத ஒரு தவற்றின் பழியோடு வெளியே போனாள். அவளிடம் அதைச் சொல்ல முடியுமா, எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் இந்தக் கதை. மீன், குளம், கூட்டம் எல்லாம் வரும். அவற்றைப் பார்த்து இதை மறந்துவிட வேண்டாம்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

*யுன்லின் கடற்கரையில் ஒரு காலை. குளம் முழுவதும் யாரோ வெள்ளித் தகடுகளை விரித்து வைத்ததுபோல—* இதை அடித்துவிட்டேன். செத்த மீன்கள் அழகாக இருந்தால் எழுதுகிறவன் எங்கோ ஏமாற்றுகிறான்.

*ஒரு வரி நீக்கப்பட்டது.* உண்மை. ஆனால் யார் நீக்கியது என்பதை இந்த வாக்கியம் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வாக்கியங்களால்தான் இவ்வளவும் நடந்தது.

மூன்றாவது, பெய்-ரோங்கின் சிரிப்பில் தொடங்கியது. அவள் எப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஷி-ஹெங் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

2

(நிரல் எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைப் பொறுத்துக்கொள்ளவும்.)

ஷி-ஹெங்கின் நிறுவனம் செய்வது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. மீன்குளத்தின் கரையில் கம்பத்தில் மாட்டப்பட்டிருக்கும். நீரில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் குளத்தில் மிதக்கும் சக்கரங்களைச் சுழலவிடும். சக்கரம் நீரை அடிக்க அடிக்கக் காற்று உள்ளே போகும், மீன்கள் மூச்சு விடும். பெட்டிக்குள்ளே ஓர் இயங்குதளம். அதன் நடுவில் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் உட்கரு, கெர்னல்.

மற்ற நிரல்கள் விழுந்தால் கெர்னல் எடுத்து நிறுத்தும். கெர்னலே விழுந்தால் எடுத்து நிறுத்த மேலே யாரும் இல்லை. அதனால் அதற்கென்று கடைசியாக ஒரு வேலை எழுதி வைத்திருப்பார்கள். எங்கே விழுந்தோம் என்று குறித்து வை, பிறகு முதலிலிருந்து தொடங்கு. அவ்வளவுதான். அந்த அலுவலகத்தில் இந்தப் பகுதிக்குக் 'காரியம்' என்று பட்டப்பெயர். செத்த வீட்டில் செய்வார்களே, அது. ஒழுங்காக நடந்தால் சக்கரங்கள் ஒரு கணம் தயங்கிவிட்டு மறுபடி சுற்றும். மீனுக்குக்கூடத் தெரியாது.

காரியம் செய்யும்போதே கால் இடறினால்? அதுவும் கெர்னலின் விழுகைதான். விழுந்தால் காரியம் செய்ய வேண்டும். அந்தக் காரியத்திலும் அதே இடத்தில் இடறும். மறுபடி காரியம். இதற்கு முடிவே இல்லை.

அதனால் காரியத்தின் தலைவாசலில் ஒரு வரி இருக்கும். உள்ளே வரும்போது அது ஒரே ஒரு கேள்வி கேட்கும்: ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கிறேனா? இல்லை என்றால் ஓர் அடையாளம் வைத்துவிட்டு மேலே போகும். ஆமாம் என்றால் எதையும் எழுதாது, எதையும் சொல்லாது. உடனே பெட்டியை அணைத்துத் தொடங்கிவிடும்.

[ஒரு நாயையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட பெட்டிகளில் தனியாக ஒரு கடிகாரம் உண்டு. காவல் நாய் என்பார்கள். கெர்னல் அதற்கு அடிக்கடி சோறு வைக்க வேண்டும். சோறு வரவில்லையென்றால் உள்ளே யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்று அது முடிவு செய்து பெட்டியைக் கடித்து எழுப்பும். காரியம் நடக்கும்போது நாய் நடுவில் கடித்துவிடக் கூடாது என்பதற்காக, காரியத்தின் முதல் வேலையே நாய்க்குச் சோறு வைப்பதுதான். இதை எழுதியவர் ஷி-ஹெங். நல்ல யோசனை என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள்.]

3

ஜியென் மேலாளர் கெட்டவர் இல்லை. அவரைக் கெட்டவராக எழுதினால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். அந்த ஆசை எனக்கு இருந்தது.

நிறுவனத்தின் பழைய பெட்டி ஒன்று பிழைகளைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்ததை ஒரு வாடிக்கையாளர் கண்டுபிடித்திருந்தார். ஜியென் குழுவை அழைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் மன்னிப்புக் கேட்டுக் குனிந்து நின்றார். அதன் பிறகு அலுவலகத்தில் ஒரு விதி வந்தது. எந்தப் பிழையும் பதிவாகாமல் போகக் கூடாது. எல்லா நிரல்களையும் வரிவரியாகத் திரையில் போட்டுப் படித்தார்கள். காரியத்தின் தலைவாசலுக்கு வந்தபோது ஜியென் நிறுத்தினார்.

"இது என்னய்யா? ரெண்டாவது தடவை விழுந்தா ஒண்ணும் எழுதாமப் போயிடுமா?"

"ஆமா சார். இல்லேன்னா சுத்திச் சுத்தி உள்ளேயே வரும்," என்றார் ஷி-ஹெங்.

"அப்போ அந்த ரெண்டாவது பிழை எங்க போச்சு?"

"போகட்டும் சார். முதல் பிழைதான் முக்கியம்."

"போகட்டும் போகட்டும்னு விட்டுத்தான் அந்த ஆள் முன்னாடி போய்க் குனிஞ்சோம். நீ பின் வரிசை, உனக்குத் தரைதான் தெரிஞ்சிருக்கும். நான் அவரோட செருப்பையே பார்த்துக்கிட்டு நின்னேன். ஒரு செருப்புல வார் அறுந்திருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஷி-ஹெங்கும் சிரித்தார். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டார்.

வாதாடியிருக்கலாம் என்று என்னிடம் சொன்னார். பாதி நாள் உட்கார்ந்து படம் போட்டு விளக்கியிருந்தால் ஜியென் கேட்டிருப்பார். ஏன் செய்யவில்லை என்றால், காரியத்தை எழுதியவர் அவர். தான் எழுதியது விழும் என்று அவருக்குத் தோன்றவில்லை. விழாத இடத்தில் காவல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஒளிக்கக் கூடாது என்பதற்காக எடுக்கப்பட்ட வரி. இதைத்தான் நான் நீண்ட நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நேர்மையாக இருக்க விரும்பியவர்கள் அதைச் செய்தார்கள். அவசரக்காரர்களோ சோம்பேறிகளோ செய்திருந்தால் இதை எழுத எனக்குத் தோன்றியிருக்காது.

4

பிறகு காரியம் மெல்ல மெல்லப் பெருத்தது. பழுதுபார்க்கும் பிரிவு ஒரு வேலையைச் சேர்த்தது. தரப் பிரிவு ஒன்றைச் சேர்த்தது. யாருக்கும் யாரிடமும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியாக விற்பனைப் பிரிவு ஒரு மரியாதை கேட்டது. பெட்டி விழுகிற நேரத்தில் அதன் சின்னத் திரையில் ஒரு வாசகம் வர வேண்டும்: *இடையூறுக்கு வருந்துகிறோம். சற்றுப் பொறுத்திருங்கள்.*

திரை பெய்-ரோங்கின் பொறுப்பு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாடியில் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். எல்லோரும் மேசைமேல் தலையணை வைத்துக் கவிழ்ந்து தூங்குவார்கள். அந்த இருட்டில் அவள் பக்கத்து மேசையிலிருந்து ஷி-ஹெங்கிடம் கிசுகிசுத்தாள்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

"ஆமா."

"செத்துப்போற மெஷின் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

"விற்பனைக்காரங்க கேக்கறாங்க."

"திரையில எழுத்து வரணும்னா நான் மெமரியில இடம் கேட்டு வாங்கணும். அது விழற நேரத்துல மெமரி கிடைக்குமோ என்னமோ. வீடு பத்தி எரியும்போது வந்தவங்களுக்கு டீ போடுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"சின்ன வேலைதானே. எழுதிடு, பெய்-ரோங். இதுக்காக இன்னொரு கூட்டம் வேண்டாம்."

"எழுதறேன். ஆனா வேண்டாம்னு நான் சொன்னதை ஞாபகம் வெச்சுக்கோங்க."

"சரி."

"எங்க சொல்லுங்க, என்ன சொன்னேன்?"

"டீ வேண்டாம்னு சொன்ன."

இருட்டுக்குள்ளிருந்து யாரோ முனகினார்கள்: "ரெண்டு பேரும் வெளிய போய்க் காதலிங்கப்பா. மனுஷன் தூங்க வேண்டாமா?"

அவர்கள் காதலித்துக்கொண்டிருக்கவில்லை. (நான் ஒரு வரைவில் காதலிக்க வைத்தேன். அப்போது எல்லாம் எளிதாகப் புரிந்தது, அதனாலேயே விட்டுவிட்டேன்.) அவர் மணமானவர். அவளுக்கு அவர் அண்ணன் மாதிரி. அவளை நேர்முகத் தேர்வில் தேர்ந்தெடுத்தவர். அவள் எழுதுவதை வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் பார்க்கிறவர்.

5

யுன்லினில் ஹோங் என்ற பால்மீன் வளர்ப்பவரின் பெட்டி ஒரு கோடை இரவில் விழுந்தது. காலையில் அவர் அலுவலகத்துக்கு அழைத்தார். ஷி-ஹெங் பெய்-ரோங்கைக் கூட்டிக்கொண்டு காரில் போனார்.

குளத்தை எழுதப் போவதில்லை. மேலே சொல்லிவிட்டேன். சக்கரங்கள் அசையாமல் மிதந்தன என்பது மட்டும் போதும். பக்கத்துக் குளத்துக்காரர்கள் ரப்பர் காலணிகளோடு வந்து நின்றார்கள். ஒருவர் வலையை எடுத்துவரப் போனார்.

ஹோங் பெட்டியைக் காட்டினார். திரை அப்போதும் உயிரோடுதான் இருந்தது. *இடையூறுக்கு* என்று வந்தது. இருண்டது. *இடையூறுக்கு* என்று வந்தது. இருண்டது. வாசகம் ஒரு தடவைகூட முடியவில்லை.

"ராத்திரி ஜன்னல் வழியாப் பார்த்தேன் தம்பி," என்றார் ஹோங். "கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் காட்டுச்சு. மும்முரமா வேலை பார்க்குதுன்னு நினைச்சுப் படுத்துட்டேன்."

ஷி-ஹெங்குக்கு உடனே புரிந்தது. காரியம் தொடங்குகிறது, நாய்க்குச் சோறு வைக்கிறது, பதிவு எழுதுகிறது, திரைக்குப் போகிறது. திரை மெமரி கேட்கிறது, கிடைக்கவில்லை, விழுகிறது. விழுந்ததால் காரியம் தொடங்குகிறது. தலைவாசலில் கேட்க எந்தக் கேள்வியும் இல்லை. மறுபடி நாய்க்குச் சோறு. பெட்டி இரவு முழுவதும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. தன்னைக் கடித்து எழுப்ப வேண்டிய நாயின் வாயை ஒவ்வொரு முறையும் தானே அடைத்திருக்கிறது.

பெய்-ரோங் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோட எழுத்து," என்றாள்.

"இரு. பதிவைப் பார்த்துட்டுப் பேசலாம்," என்றார் அவர்.

ஹோங் வழிக்குச் சாப்பிடுங்கள் என்று கொடுத்த கொய்யாப்பழங்கள் திரும்பும் வழியெல்லாம் காரின் பின் இருக்கையில் உருண்டுகொண்டிருந்தன. மீன்கள் செத்த அன்றும் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அதை ஷி-ஹெங் என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

6

அந்தப் பதிவில் ஓர் இடம் மட்டும்தான் உண்டு. ஒவ்வொரு விழுகையும் முந்தையதை அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதும். எதுவும் பதிவாகாமல் போகக் கூடாது என்ற விதிப்படி எல்லாம் பதிவாகியிருந்தன. மிஞ்சியது கடைசிதான்.

ஏன்-ஏன் கூட்டம் போட்டார்கள். வெள்ளைப் பலகையில் ஒரு 'ஏன்' எழுதி, அதன் பதிலுக்குக் கீழே இன்னொரு 'ஏன்' எழுதி, அடி வரை போவது வழக்கம். சக்கரங்கள் ஏன் நின்றன? பெட்டி நின்றதால். பெட்டி ஏன் நின்றது? காரியம் முடியாததால். ஏன் முடியவில்லை? ஜியென் பதிவைப் பார்த்தார்.

"திரைன்னு வந்திருக்கு. திரை யாருது?"

கேள்வி ஷி-ஹெங்கைப் பார்த்து வந்தது.

"பெய்-ரோங்," என்றார்.

பொய் இல்லை.

"ஆனா சார், அது அவ தப்பில்ல. அந்த நேரத்துல மெமரி இல்ல."

"இல்லாத நேரத்துல ஏன் கேட்டா?"

"வாசகம் போடறதுக்கு."

"வாசகம் எதுல வருது?"

"திரையில."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

அவர் எங்கிருந்து விளக்கத் தொடங்கினாலும் அவளுடைய மேசையில் போய் முடிந்தது. மூன்றாவது தடவை அவர் வாயைத் திறந்தபோது பெய்-ரோங் எழுந்து நின்றாள்.

"என் தப்புதான். எல்லாருக்கும் சிரமம் கொடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

குனிந்தாள். உடனே ஷி-ஹெங்கும் எழுந்து குனிந்தார். ஜியென் எழுந்து தன் மேற்பார்வைக் குறைக்காக மன்னிப்புக் கேட்டார். விற்பனைக்காரர் எழுந்தார். அறையில் உட்கார்ந்திருந்தவர் யாரும் இல்லாமல் போனபோது கூட்டம் முடிந்தது. பெட்டி முதன்முதலில் எதனால் விழுந்தது என்ற கேள்வியைப் பலகையில் யாரும் எழுதவில்லை.

[இங்கேதான் எனக்கு ஷி-ஹெங்மேல் சந்தேகம். "பெய்-ரோங்" என்று சொன்ன கணத்தில் தான் எடுத்த வரி அவருக்கு நினைவில் இருந்ததா? குளக்கரையில் இருந்திருக்கிறது. கூட்டத்தில்? கேட்காமலேயே பதில் சொன்னார்: "ஞாபகம் இருந்துச்சான்னு தெரியல. வாயைத் திறந்தேன். வேற வார்த்தை வந்துடுச்சு." நினைவு இருந்தது என்று எழுதினால் அவர் கோழை. இல்லை என்று எழுதினால் வெறும் மறதிக்காரர். அவரைக் கோழை என்று எழுதிவிட வேண்டும் என்று அவரே விரும்பினார் என நினைக்கிறேன். அப்படி எழுதிவிட்டால் அவருக்கு ஒரு தண்டனையாவது கிடைக்கும். நான் கொடுக்கவில்லை.]

7

பெய்-ரோங்கை யாரும் போகச் சொல்லவில்லை. அவளிடம் வேலை தருவதை மட்டும் குறைத்தார்கள். அவள் எழுதியதை இருவர் பார்த்தார்கள், பிறகு மூவர் பார்த்தார்கள். ஆண்டிறுதி விருந்துக்கு முன்னால் விலகல் கடிதம் கொடுத்தாள்.

"விருந்துல பரிசுக் குலுக்கல் இருக்கே, இருந்து வாங்கிட்டுப் போயேன்," என்றார் ஒருவர்.

"எனக்கு எப்பவும் ஹேர் ட்ரையர்தான் விழுது. வீட்ல ஒரு கடையே வெக்கலாம்," என்றாள்.

அவள் போன பிறகு ஷி-ஹெங் அந்த வரியை மறுபடி எழுதினார். இம்முறை யாரையும் கேட்கவில்லை. அடுத்த கோடையில் வேறோர் ஊரில் வேறொரு பெட்டி விழுந்தது. விழுந்த வேகத்தில் எழுந்தது. குளத்துக்காரருக்கே தெரியாது. பதிவு அழியாமல் சுத்தமாக இருந்தது. பிராணவாயுவை அளக்க நீரில் தொங்கும் உணரிமேல் பாசி படர்ந்து, வரக்கூடாத ஓர் எண் வந்திருக்கிறது. அதைப் படிக்கும் நிரல் நிலைகுலைந்திருக்கிறது. அதை எழுதியவர் நிறுவனத்தைவிட்டுப் போய் வெகுகாலம் ஆயிற்று. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

ஹோங்கின் குளத்திலும் இதுவேதானா? பெரும்பாலும். அதற்குமேல் யாராலும் சொல்ல முடியாது. அந்த இரவின் முதல் பதிவு அந்த இரவிலேயே அழிந்துவிட்டது.

நான் சொல்லிவிடலாம். கதை எழுதுகிறவனுக்கு ஒரு வாக்கியம் போதும். *ஹோங்கின் குளத்திலும் அன்று உணரிமேல் பச்சையாக*

வேண்டாம். இந்தக் கதையில் உறுதியாகத் தெரிந்தவை கொஞ்சம்தான். தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவிடுகிறேன்.

பாசியைப் பற்றித் தெரிந்த அன்றே ஷி-ஹெங் அவளுக்குச் செய்தி அனுப்பினார். நீளமான செய்தி. உணரி, பாசி, எண், நிலைகுலைவு, உன் தப்பு இல்லை, பெரும்பாலும் இல்லை, நான் அன்றைக்கு உனக்காகச் சரியாகப் பேசவில்லை, மன்னித்துவிடு.

மறுநாள் பதில் வந்தது: "நன்றி அண்ணே. இப்பத்தான் நல்லாத் தூங்க ஆரம்பிச்சிருந்தேன். பரவால்ல."

தூக்கத்தைக் கெடுத்ததற்காக மன்னிப்புக் கேட்டார். அவள் குனிந்து வணங்கும் முயல் பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினாள். அது கிண்டலா, வருத்தமா என்று அவருக்குப் புரியவில்லை. வற்புறுத்துவதாகத் தோன்றியிருந்தால் அதற்கும் மன்னிக்க வேண்டும் என்று எழுதினார். பிறகு அந்தச் செய்தி அவளைக் குற்றம் சொல்வதுபோல இருந்துவிட்டதோ என்று பயந்து இன்னொன்று.

அப்போது அவள் எழுதினாள்: "அண்ணே, நீங்க ஒவ்வொரு தடவை மன்னிப்புக் கேக்கும்போதும் நான் அந்த ரூம்ல மறுபடியும் எழுந்து நிக்கறேன்."

அதற்குப் பிறகு அவர் அனுப்பியவற்றை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

8

இவ்வளவையும் கேட்ட பிறகு நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அந்த வரியை எடுத்தது நீங்கன்னு அவகிட்டச் சொன்னீங்களா?"

அவர் சொல்லியிருப்பதாகத்தான் நினைத்தார். கைப்பேசியைத் திறந்து விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். முயல் வந்தது. அதற்கு மேலே நீளமான முதல் செய்தி வந்தது. அதை மேலிருந்து கீழாகப் படித்தார், பிறகு கீழிருந்து மேலாகத் தேடினார். பக்கத்து மேசைக்காரர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

"இல்ல," என்றார்.

எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டிருந்தார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் எங்கேயும் இல்லை. வந்த மன்னிப்பு ஒவ்வொன்றும் அந்த வாக்கியம் எழுதப்பட வேண்டிய இடத்தில் தன்னை எழுதிக்கொண்டிருந்தது.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதை எழுதுங்க," என்றார். "உங்க மொழியில எழுதுங்க. அவளுக்கு அது தெரியாது."

அதனால்தான் இது உங்களிடம் வந்திருக்கிறது. அவளை எழுந்து நிற்கவைக்காமல் எங்காவது ஓரிடத்தில் பதிவாக வேண்டும் என்று அவர் விரும்பினார். ஜுவோ பெய்-ரோங் வேண்டாம் என்று சொன்னாள். வெங் ஷி-ஹெங் அந்த வரியை எடுத்தார். எழுதிவிட்டேன்.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் இதோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

9

பெய்-ரோங் இப்போது மியாவ்லியில் தன் அக்காவின் காலை உணவுக் கடையில் இருக்கிறாள். முட்டை அப்பம், சோயாப் பால், எள் ரொட்டி. ஷி-ஹெங் சில சனிக்கிழமைகளில் ரயிலேறி அங்கே போகிறார். எதிரில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார். மனைவியிடம் நடைப்பயிற்சி என்று சொல்கிறார். "இவ்வளவு நடந்தும் தொப்பை குறையலையே" என்று அவள் கேட்கிறாள்.

என்னிடம் இருந்த முடிவுகள்:

ஒன்று. அவர் போய்ச் சொல்கிறார். பெய்-ரோங் அப்பத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "தெரியும் அண்ணே. நிரல்ல யார் எப்ப எதை மாத்தினாங்கன்னு பேரோட இருக்குமே. அன்னிக்கே பார்த்துட்டேன். நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன்," என்கிறாள். பிறகு சிரிக்கிறாள். இதை எழுதி முடித்துவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன். முதல் பாதி நடந்திருக்கக் கூடியதுதான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பற்றி எரியும் வீட்டில் மறுபடியும் அவளையே டீ போடச் சொல்கிறேன்.

இரண்டு. அவர் போவதே இல்லை. பேசாமல் இருந்துவிடுகிறார். தலைவாசல் வரி சொல்வது அதைத்தான், ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தால் வாயைத் திறக்காதே என்று. ஆனால் அந்த வரியில் இன்னொரு பாதியும் உண்டு. முதல் விழுகை என்றால் எழுதியே ஆக வேண்டும். இது அவருக்கு முதல்தானா? அந்த வாக்கியத்தை அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, ஆகவே முதல். அவளுக்கோ, அவர் முகத்தைப் பார்த்ததுமே அந்த அறை வந்துவிடும், ஆகவே எத்தனையாவதோ. கெர்னலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. விழுகிறதும் அதுதான், கேட்கிறதும் அதுதான். இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு முடிவு எழுதத் தொடங்கி *பெய்-ரோங் தானாகவே ஒரு நாள்* என்ற இடத்தில் விட்டுவிட்டேன். அவளுக்கு நான் வேலை வைக்க மாட்டேன்.

போன சனிக்கிழமை அவர் பெஞ்சில் உட்காரவில்லை. சாலையைக் கடந்து கடை வரிசையில் நின்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்வது, 'மன்னிச்சிடு' என்ற சொல் வாயில் வந்தால் விழுங்கிவிடுவது, அவள் எதுவும் சொல்வதற்கு முன்னால் கிளம்பிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். முன்னால் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை, கையில் ஹெல்மெட்டோடு ஒருவர், பிறகு இவர். கல்லில் முட்டை பொரிந்துகொண்டிருந்தது. அக்கா உள்ளே எதையோ நறுக்கிக்கொண்டு, "சோயாப் பால் சூடா, ஜில்லுன்னான்னு கேட்டியாடீ?" என்று கத்தினாள். "கேட்டாச்சு, கேட்டாச்சு. நீ வெங்காயத்தைப் பாரு," என்றாள் பெய்-ரோங்.

இந்த இடம் வரை அவர் சொன்னார். மேலே சொல்ல வந்தபோது, வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். எனக்குத் தெரிந்துவிட்டால் எழுதிவிடுவேன்.

இன்னும் திரும்பிப் போக இடம் இருக்கிறது. வரிசையிலிருந்து விலகி நிற்பவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். போகலாமா, சொல்லலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். ஆசிரியை பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஹெல்மெட்காரரும் நகர்ந்துவிட்டார். பெய்-ரோங் கல்லைத் துடைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்கிறாள்:

"அடுத்து யாரு, என்ன வேணும்?"